மடக்கினால் பேனாக்கத்தி... மடக்கிப் பிடித்தால் ஆயுதம்!

*வேப்பந்தட்டை பேருந்திலிருந்து திருச்சி விமான நிலையம் வரை: ஒரு சின்னக் கத்தியின் சட்டப் பயணம்*

விடிந்தும் விடியாத நேரம். அரும்பாவூர்ப் பக்கமிருந்து பெரம்பலூர் போகும் பேருந்து வேப்பந்தட்டையில் வந்து நிற்கிறது. முன்படிக்கட்டில் ஏறும் அம்மாவின் ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் உரச்சாக்குத் துண்டில் சுற்றிய அரிவாள். மக்காச்சோளத் தட்டை அறுக்கக் கூலிக்குப் போகிறார். பின் இருக்கையில் நரைத்த தாடிப் பெரியவர், மடியில் ஒரு துணிச் சுருள். அவிழ்த்தால் தட்டை உளி, குழி உளி, விரல் அகலத்தில் ஒன்று, நக அகலத்தில் ஒன்று என்று பதினைந்துக்குக் குறையாது. மரச்சிற்பி. எங்கோ ஒரு கோயில் தேர் வேலை. டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் இளைஞரின் பெல்ட்டில் தோல் உறை. உள்ளே 'மல்ட்டி டூல்': மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும், விரித்தால் குறடு, திருப்புளி, ரம்பம், கூடவே விரல் நீளத்துக்கு ஒரு கத்தி. சிசிடிவி கேமரா பொருத்துவது அவருக்குத் தொழில். அந்தக் கத்தியில்தான் வயர் உரிக்கிறார், ஆப்பிளும் நறுக்குகிறார்.

"ஏக்கா, அருவாள சீட்டுக்கு அடியில தள்ளு. யாரு காலையாவது கிழிச்சிரப்போவுது" என்கிறார் நடத்துநர். அதோடு முடிந்தது அவருடைய ஆயுதச் சோதனை. அடுத்து டிக்கெட்.

இதே பேருந்தைப் பெரம்பலூர் நான்கு ரோட்டில் போலீஸார் நிறுத்திப் பைகளைத் திறந்து பார்த்தால், கீழே இறக்கப்படுபவர் யார்? என்னோடு பந்தயம் கட்டுபவர்கள் யாரும் அரிவாள் அம்மா மீது பணம் வைக்க மாட்டார்கள். மூவரில் மிகக் குட்டையான கத்தி வைத்திருப்பவர் அந்த இளைஞர். இறங்கச் சொல்வதும் அவரைத்தான்.

ஏன்? சட்டம் அப்படிச் சொல்கிறதா? பாலிடெக்னிக் மாணவர் முதல் டிராக்டர் மெக்கானிக் வரை, மலையேறுபவர் முதல் வெளிநாட்டு மாமா வாங்கிவந்த சுவிஸ் கத்தியை அலமாரியில் வைத்திருக்கும் அண்ணன் வரை பலரும் கேட்கும் கேள்வி: "சார், சின்னக் கத்தி பையில வச்சிருந்தா கேஸ் ஆகுமா?" ஆகும் என்று ஒரு நண்பர் சொல்வார், ஆகாது என்று இன்னொருவர் சொல்வார். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் இந்தக் கதையின் தொல்லை.

ஒன்பது அங்குலம், இரண்டு அங்குலம்

கதை 1878-ல் தொடங்குகிறது. 1857 கண்ட பயம் தீராத ஆங்கிலேய அரசு, வைஸ்ராய் லிட்டன் காலத்தில், துப்பாக்கியோடு வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு எல்லாவற்றையும் 'ஆயுதம்' என்று எழுதி உரிமம் கேட்டது. ரஞ்சன்குடிக் கோட்டையையும் 1751-ல் வாலிகண்டபுரத்தில் நடந்த சண்டையையும் பார்த்த இந்த மண்ணுக்கு அது புதுப் பாடம்.

சுதந்திர இந்தியா அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. நடைமுறைக்கு வந்தது 1962 அக்டோபர் 1. 'தேசத்தையே நிராயுதபாணியாக்க அந்நிய அரசு செய்த ஏற்பாடு' என்று பழைய சட்டத்தைக் குறை சொன்ன மசோதாவின் நோக்கக் குறிப்பு, கத்தி, ஈட்டி, வில், அம்பு போன்றவற்றை ஆயுதப் பட்டியலிலிருந்து விலக்குவதையும் ஒரு நோக்கமாகச் சொன்னது. ஆனால் நிறைவேறிய சட்டத்தின் இலக்கணத்தில் 'கூர்முனையுள்ள, உயிர்க்கொல்லி ஆயுதங்கள்' உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. கூடவே ஒரு விலக்கும் வந்தது: வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்கள் ஆயுதம் ஆகா. தடி, கைத்தடி இரண்டையும் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது.

அளவு எங்கே வருகிறது? விதிகளில். 1962 விதிகளிலும் பிறகு வந்த 2016 விதிகளிலும் ஐந்தாம் வகை என்று ஒரு வரிசை உண்டு. வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி, கிர்பான், குக்ரி ஆகியவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளும் அதில் அடங்கும். வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை ஆகிய நான்கு பயன்பாட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை மட்டும் வெளியே.

இப்போது பேருந்துக்குத் திரும்புவோம். அம்மாவின் அரிவாள் விவசாயக் கருவி. சிற்பியின் உளி தொழில் கருவி. இளைஞரின் கத்தி மூன்று அங்குலம்கூட இல்லை, ஐந்தாம் வகையின் வாசலைக்கூட அது தொடவில்லை. மூவரும் குற்றவாளிகள் அல்ல. சாலையோரத்தில் நுங்கு சீவுபவரின் அரிவாள் அளவில் பெரிதுதான், ஆனால் பயனால் தப்பிவிடுகிறது. ஆட்டுக்குக் குழை இழுக்கத் தொரட்டிக்கோலைத் தோளில் போட்டு நடப்பவரும் அப்படியே.

எல்லைக் கருப்பசாமியின் கையிலிருக்கும் அரிவாள்? அதற்கு யாரும் ஸ்கேல் வைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியில் நேர்த்திக்கடனுக்காக ஆளுயர அரிவாள் அடிக்கிறார்களே, அது வீட்டுப் பொருளா, விவசாயப் பொருளா? விதிகளில் உள்ள நான்கு விலக்கிலும் சாமி இல்லை. எழுதியவர்கள் நம் ஊர்ப்பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: அலகும் அளவும்

இந்திய விதி: நீளம் 9 அங்குலம் (22.86 செ.மீ.) அல்லது அகலம் 2 அங்குலத்துக்கு (5.08 செ.மீ.) மேல் இருந்தால் ஐந்தாம் வகை ஆயுதம். வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலைக் கருவிகளுக்கு விலக்கு.

டெல்லி: 1980 அறிவிப்பின்படி, பட்டன் அல்லது ஸ்பிரிங் அழுத்தித் திறக்கும் கத்திகளுக்கு 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் முதலே கட்டுப்பாடு.

உள்நாட்டு விமானத்தில் சீக்கியப் பயணியின் கிர்பான்: அலகு 6 அங்குலத்துக்குள், மொத்த நீளம் 9 அங்குலத்துக்குள். கிர்பான் அணிவது சீக்கிய மதத்தைப் பின்பற்றுவதன் பகுதி என்று அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவே சொல்கிறது.

பிரிட்டன்: காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ள, மடங்கும் கத்தியாக, அலகு 3 அங்குலத்துக்குள், விரித்தபின் பூட்டிக்கொள்ளாததாக இருக்க வேண்டும்.

வைத்திருப்பது வேறு, விற்பது வேறு

ஐந்தாம் வகைக்குள் வரும் கத்தியைத் தயாரிக்கவோ விற்கவோ நாடு முழுக்க உரிமம் வேண்டும். இது ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. ஆனால் வெறுமனே வைத்திருப்பதற்கு உரிமம் கேட்பது 4-ஆம் பிரிவு. அது தானாக எல்லா ஊருக்கும் பொருந்தாது. 'இந்தப் பகுதியில், இந்த வகை ஆயுதத்துக்கு' என்று அரசிதழில் அறிவிக்கை வந்திருக்க வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்ட இடத்தில் மீறினால் 25(1பி)(பி) பிரிவின்கீழ் 1 முதல் 3 ஆண்டு வரை சிறை.

ஆகவே "கத்தி வைத்திருந்தார்" என்று வழக்குப் போட்டால் வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த அறிவிக்கை எங்கே என்பது. இரண்டாவது, அலகை அளந்தீர்களா. மூன்றாவது, அது எதற்காகச் செய்யப்பட்ட கத்தி.

நடப்பது என்ன? ரவுடி வேட்டைச் செய்திகளில் 'ஆயுதச் சட்டம் 25(1)(ஏ)' என்ற எண்ணைப் பார்த்துப் பார்த்து நமக்கு மனப்பாடம். அந்த உட்பிரிவு 5-ஆம் பிரிவை மீறுபவர்களுக்கானது. தயாரிப்பது, விற்பது, விற்பனைக்காக வைத்திருப்பது ஆகியவை அதற்குள் வரும். சும்மா சட்டைப் பையில் வைத்திருப்பது வராது. 2019 திருத்தத்தில் அதன் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்று உயர்த்தப்பட்டது. கள்ளத் துப்பாக்கிப் பட்டறைகளை மனத்தில் வைத்து உயர்த்திய தண்டனை, கத்தியோடு பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையன் மீதும் அதே எண்ணால் வந்து விழுகிறது.

இதன் விளைவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழாண்டு வரையிலான குற்றங்களுக்கு உடனே கைது செய்யாமல் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் வழி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் (பி.என்.எஸ்.எஸ். 35) இருக்கிறது. ஆயுள் வரை போகும் குற்றத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முடிய வேண்டியது செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகிறது. ஜாமீனுக்கு அலைய வேண்டும். எழுத்தர் தட்டச்சு செய்யும் ஓர் உட்பிரிவு எண்ணில் இவ்வளவும் தொங்குகிறது.

டெல்லியில் ஒரு வழக்கு இந்த இடத்தைத் தொட்டது. பட்டன் கத்தி வைத்திருந்ததாக ஒருவர் மீது 1980 அறிவிப்பை மீறிய வழக்கு. 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. அறிவிப்பு தடுப்பது தயாரிப்பையும் விற்பனையையும், விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருப்பதையும்தான். இந்த மனிதர் எதற்காக வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கத்தி மட்டும் இருந்தால் போதாது, காரணமும் எழுதப்பட வேண்டும்.

ஆனால் இதைப் படித்துவிட்டுக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புபவர்கள் 20-ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். உரிமம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, தவறான காரியத்துக்குத்தான் ஆயுதம் கொண்டுபோகிறார் என்று நியாயமாகச் சந்தேகிக்கும்படி ஒருவர் நடந்துகொண்டால், பிடியாணை இல்லாமலே கைது செய்து ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். போலீஸ் மட்டுமல்ல, மாஜிஸ்திரேட்டும் ரயில்வே ஊழியரும்கூட. நள்ளிரவில் ஏ.டி.எம். வாசலில் நிற்பவரின் பையிலுள்ள கத்தியும் காலையில் வெங்காயத் தாள் அரியப் போகிறவரின் கத்தியும் ஒரே பட்டறையில் அடித்தவையாக இருக்கலாம். நேரமும் இடமும் சேர்ந்து ஒன்றை ஆயுதமாக்குகின்றன. இது நியாயமான பிரிவு என்றே நினைக்கிறேன். சிக்கல், அந்த 'நியாயமான சந்தேக'த்தை எடைபோடும் தராசு ரோந்துக் காவலரின் கண்ணில் இருப்பதுதான். வேட்டி கட்டிய பெரியவருக்கு ஒரு எடை, காதில் கடுக்கன் போட்ட பையனுக்கு ஒரு எடை, சேரிப் பெயரை முகவரியாகச் சொல்பவருக்கு வேறொரு எடை.

அந்தக் கத்தியைக் காட்டி மிரட்டினாலோ கீறினாலோ அளவு விவாதமெல்லாம் முடிந்துபோகும். அப்போது வருவது பாரதிய நியாய சன்ஹிதா. ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவது 118-ஆம் பிரிவு, மிரட்டல் 351. அங்கே பேனாக்கத்தியும் ஆபத்தான ஆயுதம்தான். ஒன்றரை அங்குலம் இருந்தாலும்.

போலீஸுக்கும் காரணம் இருக்கிறது

காவல்துறையை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர்கள் மேஜையில் இருக்கும் கோப்புகளையும் பார்க்க வேண்டும்.

2018 பிப்ரவரியில் சென்னைப் புறநகர் மலையம்பாக்கத்தில் ரவுடி ஒருவரின் பிறந்தநாளில் அரிவாளால் கேக் வெட்டினார்கள். போலீஸ் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. அதற்குப் பிறகு 'பட்டாக்கத்தியில் கேக்' ஊருக்கு ஊர் பரவி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகி, கைது செய்தியாகி ஓய்ந்தபாடில்லை. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் மாநகரப் பேருந்துக்குள் கல்லூரி மாணவர்கள் பட்டாக்கத்தியோடு புகுந்து வெட்டினார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவரை, அவரோடு படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவர் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து வகுப்புத் தோழனை வெட்டினார், தடுக்கப்போன ஆசிரியையும் காயம் பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் திருத்தணியில், அரிவாளோடு ரீல்ஸ் எடுத்த பதினேழு வயதுப் பையன்கள் வடமாநில இளைஞரை வெட்டினார்கள்.

இவற்றில் எதிலும் இறக்குமதி செய்த மல்ட்டி டூல் இல்லை. பெரும்பாலும் பட்டறை அரிவாள், இல்லாவிட்டால் வீட்டுக் கத்தி. சட்டம் விலக்கு கொடுத்த அதே சாமான்கள்.

2021 செப்டம்பரில் தென்மாவட்டங்களில் பழிக்குப் பழிக் கொலைகள் தொடர்ந்தபோது, அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு தலைமையில் மாநிலம் முழுக்க ஒரு வேட்டை நடந்தது. 36 மணி நேரத்தில் 2,512 பேர் கைது, 934 ஆயுதங்கள் பறிமுதல். அவற்றில் நாட்டுத் துப்பாக்கி ஐந்துதான், மற்றதெல்லாம் கத்தியும் அரிவாளும். இதைப் பார்த்தால், தமிழ்நாட்டின் ஆயுதப் பிரச்சினை துப்பாக்கியில் இல்லை, கொல்லுப்பட்டறைச் சரக்கில்தான் இருக்கிறது என்று காவல்துறை முடிவுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

பட்டறையில் ஒரு நோட்டு

அந்த முடிவின் சுமை போய் விழுந்த இடம் கொல்லர் பட்டறை. கத்தி, அரிவாள் செய்பவர்களையும் விற்பவர்களையும் காவல் நிலையங்களுக்கு அழைத்துப் பேசினார்கள். வாங்க வருபவரின் பெயர், முகவரி, போன் நம்பர், எதற்கு வாங்குகிறார் என்பதை நோட்டில் எழுத வேண்டும். அறிமுகமில்லாதவர்களுக்கு விற்கக் கூடாது. கடையில் சிசிடிவி வைக்க வேண்டும். நம் பேருந்து இளைஞருக்கு இதனால் நாலு வேலை கிடைத்திருந்தால் அதுவே லாபம்.

லாரிப் பட்டையை உலையில் காய்ச்சி, ஆள் வைத்துச் சம்மட்டி அடித்து, ஓர் அரிவாளில் சொற்பக் காசு பார்க்கும் ஆசாரி கேமராவுக்கு எங்கே போவார்? அறுவடை நெருங்கும்போது சந்தையில் தரைவிரிப்பில் கருக்கரிவாள், களைக்கொத்து, அரிவாள்மனை பரப்பி வைத்திருப்பவர், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஆதார் கேட்டால் வியாபாரம் ஆகுமா? பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிக் காடு. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இங்கே வருஷத்துக்கு ஒரு அரிவாளாவது வாங்காத சம்சாரி வீடு அபூர்வம். நோட்டில் எழுதினால் ஊர் வாக்காளர் பட்டியல்தான் கிடைக்கும்.

வெட்டப் போகிறவன் நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்குவதில்லை. வீட்டுப் பரணில் கிடப்பதை எடுக்கிறான், அல்லது போனில் ஆர்டர் போடுகிறான். 2018-ல் மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத்தில் கலவரம் நடந்த சில நாள்களில், இணையத்தில் ஆர்டர் செய்த வாள்களும் கத்திகளும் கூரியர் பெட்டிகளில் வந்திறங்கியதைப் போலீஸ் பறிமுதல் செய்தது. 'அலங்காரப் பொருள்', 'விளையாட்டுப் பொருள்' என்ற பெயரில் விற்பவர்களுக்கு இல்லாத நோட்டு, ஊர் ஆசாரிக்கு மட்டும் எதற்கு?

அரும்பாவூரின் கதை இன்னும் நுணுக்கமானது. ஒரே மரத்துண்டில் ஒட்டு வேலை இல்லாமல் செதுக்கும் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர், வாகனம், கதவு வேலைகளுக்கு இந்தச் சிற்பிகள் வெளியூர் போய்த் தங்குகிறார்கள். உளியும் கொட்டாப்புளியும் கூடவே போகும். உளி என்பது, கூச்சமில்லாமல் பார்த்தால், கைப்பிடி போட்ட ஒரு கூர்முனைதான். 'தொழில் கருவி' என்ற ஒரு சொல்தான் அவர்களைக் காக்கிறது. மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை உளிச் சுருளிலேயே இருக்கட்டும் என்று சொல்வேன். வெளியூர்ச் சோதனையில் அந்த அட்டை பேசும்.

வழக்கு முடிந்தாலும் முடியாதது

கத்தி வழக்கில் சிறை போவதைவிடப் பெரிய தண்டனை ஒன்று உண்டு. அது தீர்ப்பில் எழுதியிருக்காது.

வேப்பந்தட்டை அரசு கலைக் கல்லூரியில் படித்து முடிக்கும் பையன்களில் பலருக்கு இரண்டு கனவுகள். ஒன்று காக்கிச் சட்டை, இன்னொன்று வெளிநாடு. இரண்டையும் ஒரே ஒரு எஃப்.ஐ.ஆர். மறிக்கும்.

தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று உள்ளது. தேர்வில் தேறி, ஓட்டத்தில் ஜெயித்து, உயரம் அளந்து, மார்பு அளந்து எல்லாம் முடிந்தபின் முன்நடத்தை விசாரணை வரும். குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் தகுதியற்றவர். விடுதலையாகிவிட்டேன் என்று தீர்ப்பு நகலை நீட்டினாலும், சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்திருந்தாலோ சாட்சிகள் பிறழ்ந்ததால் விடுவித்திருந்தாலோ, 'சம்பந்தப்பட்டவர்' என்றே விதி கருதுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் இந்த விதியை ஏற்றுக்கொண்டது. கோயில் திருவிழாச் சண்டையில் நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த பையன், அந்த பைக் பெட்டியில் இருந்த கத்திக்காகச் சேர்க்கப்பட்டால், சீருடைக் கனவு அன்றோடு சரி. வாகனத்தில் ஆயுதம் கிடைத்தால், அது இருப்பது தெரிந்திருக்கும் என்று நம்ப இடமுள்ள எல்லோரையும், தெரியாது என்று அவர்கள் காட்டாத வரை பொறுப்பாக்க ஆயுதச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டைச் சொல்வதுபோல் இதையும் சொல்ல வேண்டும்.

பாஸ்போர்ட்டின் கதையும் அதே. 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பவருக்குப் பாஸ்போர்ட்டை மறுக்கச் சொல்கிறது. அந்த நீதிமன்றத்திலேயே மனுப் போட்டு வெளிநாடு போக அனுமதி ஆணை வாங்கினால் வழி உண்டு. அதற்கு வக்கீல் பீஸ், வாய்தா, நாள். ஏஜென்ட் சொன்ன விசா தேதி அதற்குள் ஓடிவிடும். மூன்று அங்குலக் கத்திக்கு மூன்று வருஷம் என்று கணக்கு.

திருச்சி வாசலில்

சரி, வழக்கில்லை, பாஸ்போர்ட் வந்தது, பெட்டியும் கட்டியாயிற்று. பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு வெளிநாடு என்றால் திருச்சிதான். 2024-ல் திறந்த புது முனையத்தில் ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணங்களைப் பார்த்துக்கொண்டே பாதுகாப்புச் சோதனைக்கு வந்தால், இதுவரை நாம் பேசிய ஒன்பதும் இரண்டும் அங்கே செல்லாது. கைப்பையில் கத்தி கூடாது, அளவு எதுவானாலும். சாவிக்கொத்தில் தொங்கும் பொம்மைக் கத்தியும் பெட்டிக்குள்தான் போகும். பதிவு செய்து சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைத்தால் பிரச்சினை இல்லை.

இதை எழுதும் எனக்கே ஒரு விமான நிலையத்தில் நடந்தது. பதினோரு வருஷம் பென்சில் சீவிய, நகம் வெட்டிய, பழம் நறுக்கிய குட்டிச் சுவிஸ் கத்தி. கைப்பையின் உள்ளறையில் இருப்பதையே மறந்திருந்தேன். சோதனை அதிகாரி விரித்துப் பார்த்தார், மடக்கினார், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டார். உள்ளே ஏற்கெனவே நூறு கத்திகள் கிடந்தன. அவர்மேல் தவறில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

இறங்கும் நாட்டில் சட்டம் வேறு. சிங்கப்பூரில் சட்டபூர்வமான காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருந்தால் சிறையோடு பிரம்படியும் நெடுங்காலமாகச் சட்டத்தில் உள்ளது. லண்டன் போகும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது பூட்டு. பல மல்ட்டி டூல்களில் கத்தி விரிந்ததும் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். விரல் வெட்டுப்படாமல் இருக்கத்தான் அந்த வசதி. பிரிட்டன் நீதிமன்றங்களோ அதை மடக்குக்கத்திச் சலுகைக்கு வெளியே தள்ளிவிட்டன. அலகு இரண்டு அங்குலம் இருந்தாலும் 'வேலைக்காகக் கொண்டுபோகிறேன்' என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர். சொல்ல முடியாவிட்டால் நான்கு ஆண்டு வரை சிறை. ஊரில் டூல், அங்கே குற்றம்.

ஆனால் பிரிட்டன் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கடுமையோ தளர்வோ, என்ன விதி என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று அங்குலம், பூட்டு கூடாது. அவ்வளவுதான். நம் ஊரில் அந்தத் தெளிவு இல்லை. விலக்கு சட்டத்தில், அளவு விதியில், தடை அரசிதழில், சந்தேகம் காவலரின் மனசில் என்று நான்கு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. ராமநாதபுரத்தில் இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும் தேவர் குருபூஜைக்கும் ஆண்டுதோறும் போடுவதுபோன்ற தடையுத்தரவு வந்தால் (முன்பு 144, இப்போது பி.என்.எஸ்.எஸ். 163) அந்தக் காலத்துக்குத் தனிக் கட்டுப்பாடு வேறு.

■ பெட்டிச் செய்தி: பையில் இருந்தால்

வேலைக்கான கத்தி வேலைச் சாமான்களோடு, உறையில், மடக்கியபடி இருக்கட்டும். இடுப்பில் செருகுவது, சட்டைக்குள் மறைப்பது இரண்டும் சந்தேகத்துக்குத் தாம்பூலம்.

பட்டன் தட்டினால் துள்ளித் திறக்கும் கத்தி வேண்டவே வேண்டாம். அதற்குச் சொல்ல நல்ல காரணம் கிடைக்காது. 'தற்காப்புக்காக' என்று சொல்வதும் ஆபத்து. அது கருவி என்ற வாதத்தை விட்டு, ஆயுதம் என்று நீங்களே ஒப்புக்கொள்வதாகிவிடும்.

பள்ளி, கல்லூரி, நீதிமன்றம், அரசு மருத்துவமனை, கோயில் திருவிழா, அரசியல் கூட்டம் ஆகிய இடங்களுக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பறிமுதல் செய்தால், 2024 ஜூலை 1 முதல் தேடுதலையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 105). அலகின் நீள, அகலம் மகஜரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கைதானால் போலீஸார் காரணத்தைச் சொல்லவும் உறவினருக்குத் தகவல் தரவும் வேண்டும்.

கத்தியைக் காட்டி ஒரு புகைப்படமும் வேண்டாம். கேக் வெட்டக் கடையில் பிளாஸ்டிக் கத்தி இலவசமாகவே தருகிறார்கள்.

ஒரு பக்கம் போதும்

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. உள்துறை தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடிக்கலாம். எந்த அளவுக்கு மேல் எந்தக் கத்தி ஆயுதம், எந்தக் கருவிகளுக்கு விலக்கு, பெரம்பலூர் மாவட்டத்துக்கு 4-ஆம் பிரிவு அறிவிக்கை பொருந்துமா, எந்த இடங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அதில் இருக்கட்டும். அதைப் பேருந்து நிலையத்திலும் பட்டறையிலும் கல்லூரி வாசலிலும், எல்லாவற்றுக்கும் முதலில் காவல் நிலையத்திலும் ஒட்டட்டும். வயது, உடை, முகவரி பார்த்துப் பிரிவு போடும் வழக்கத்துக்கு அந்த ஒரு தாள் ஓரளவு கடிவாளம். வெறும் வைத்திருத்தலுக்கு 25(1)(ஏ) போடுவதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அளவில் ஒருமுறை சரிபார்த்தால், செஷன்ஸ் நீதிமன்றங்களுக்கும் பாரம் குறையும். ஆசாரியின் நோட்டைத் தூக்கி, இணையத்தில் வாள் விற்பவர்களின் கையில் கொடுக்கட்டும்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு எண்: 15100. தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண், கட்டணமில்லை. காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். பையில் கத்தி இருக்கிறதோ இல்லையோ, போனில் இந்த எண் இருக்கட்டும்.